முத்தம், முக்காடு, மாடிச்சுவர்: வேதத்தில் அந்தக் கால வழக்கத்தையும் நிலையான போதனையையும் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்துங்கள் என்ற கட்டளை புதிய ஏற்பாட்டில் ஐந்து இடங்களில் வருகிறது. ரோமர் 16:16, 1 கொரிந்தியர் 16:20, 2 கொரிந்தியர் 13:12, 1 தெசலோனிக்கேயர் 5:26, 1 பேதுரு 5:14. ஜெபிக்கும் பெண் தலையை மூட வேண்டும் என்பதோ 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் மட்டும்தான் வருகிறது. நம் சபைகளில் ஐந்து முறை சொன்னதை யாரும் செய்வதில்லை. ஒரே இடத்தில் சொன்னதைப் பல சபைகள் இன்றும் கண்டிப்பாகக் கேட்கின்றன.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு முடிவுகளும் சரியாகவே இருக்கலாம். ஆனால் எந்த அளவுகோலை வைத்து ஒன்றை விட்டோம், மற்றதை வைத்துக்கொண்டோம்? பெரும்பாலும் அளவுகோலே இருப்பதில்லை. பழகியதை "தேவனுடைய கட்டளை" என்கிறோம், பழகாததை "அது அந்தக் காலத்து வழக்கம்" என்கிறோம். வேதத்தை நேசிப்பவர்கள் அதை இப்படி வாசிக்கக் கூடாது. இந்த வழிகாட்டி அந்த அளவுகோலைப் பற்றியது. தனியாகவோ, வேதபாட வகுப்பிலோ, பிரசங்கத் தயாரிப்பிலோ இதைப் பயன்படுத்தலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். வழக்கம் என்பது தோல், போதனை என்பது சுளை, உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அது உடன்பாடில்லை. வேதத்தில் போதனை பெரும்பாலும் வழக்கத்தின் வழியாகத்தான் பேசுகிறது. ஆதியாகமம் 15ஐப் பாருங்கள். ஆபிராம் மிருகங்களை இரண்டாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறார். இருட்டிய பிறகு புகைகிற சூளையும் அக்கினிச்சுடரும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்து போகின்றன. இன்றைய வாசகருக்கு இது புரியாத சடங்கு. பழைய கிழக்கத்திய நாடுகளில் உடன்படிக்கை செய்யும்போது மிருகத்தை வெட்டுவது, "வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதி வரட்டும்" என்று சொல்வதற்குச் சமம். சிரியாவில் கிடைத்த, கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செஃபிரே கல்வெட்டு ஒப்பந்தத்தில் "இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல மீறுகிறவனும் வெட்டப்படட்டும்" என்ற கருத்து அப்படியே இருக்கிறது. எரேமியா 34:18-20ம் இதே சடங்கைத்தான் சொல்கிறது. இது தெரிந்த பிறகு ஆதியாகமம் 15ஐத் திரும்ப வாசித்தால் ஒன்று கண்ணில் படும்: துண்டங்களின் நடுவே ஆபிராம் நடக்கவில்லை. அந்தச் சூளையும் சுடருமாகத் தேவன் மட்டும் கடந்து போகிறார். சாபத்தைத் தேவன் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். சடங்கை உரித்து எறிந்திருந்தால் இந்தப் போதனையும் கூடவே போயிருக்கும்.

ஆகவே வசனங்களை "வழக்கம்", "போதனை" என்று இரண்டு கட்டாகப் பிரிப்பது நம் வேலையில்லை. அந்த வழக்கத்துக்குள் வசனம் என்ன செய்தது, அதே காரியம் இன்று எப்படி நடக்க வேண்டும் என்று கேட்பதுதான் வேலை.

முதல் படி: பகுதி முழுவதையும் வாசியுங்கள்

ஒரு வசனத்தோடு நிற்காதீர்கள். எழுதியவரின் பேச்சு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதிகார எண்களும் வசன எண்களும் மிகவும் பிற்காலத்தில் வந்தவை. விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைப் பற்றிய பவுலின் வாதம் 1 கொரிந்தியர் 8:1இல் தொடங்கி 11:1 வரை போகிறது. இடையில் 9ஆம் அதிகாரத்தில் ஊழியக்காரனின் உரிமையைப் பற்றிப் பேசுவதுகூட அதே வாதத்தின் பகுதிதான்: எனக்கு உரிமை இருக்கிறது, ஆனாலும் பிறருக்காக அதை விட்டுக்கொடுக்கிறேன் என்கிறார்.

வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் அச்சாகும் எரேமியா 29:11ஐயும் ("தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே") இப்படி வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். வாக்குத்தத்தம் அதனால் சுருங்கிப்போவதில்லை. ஆனால் "சீக்கிரம் வேலை கிடைக்கும்" என்பது அதன் பொருள் இல்லை.

இரண்டாம் படி: என்ன வகை எழுத்து என்று பாருங்கள்

இது எளிது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடந்ததைச் சொல்வது வேறு, செய்யச் சொல்வது வேறு. தாவீதுக்குப் பல மனைவிகள் இருந்தார்கள் என்பது வரலாறு, அனுமதி இல்லை. நீதிமொழி பொதுவான ஞானம், உத்தரவாதப் பத்திரம் இல்லை. சங்கீதக்காரன் சத்துருவைச் சபிப்பது ஒரு மனிதன் தேவனிடம் கொட்டும் வேதனை. சட்டத்தைச் சட்டமாகவும் கடிதத்தைக் கடிதமாகவும் வாசித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாம் படி: முதல் வாசகரின் ஊருக்குள் போங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கொரிந்துவையே எடுத்துக்கொள்வோம்.

பழைய கிரேக்கக் கொரிந்துவை ரோமர்கள் கி.மு. 146இல் அழித்தார்கள். கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்ற நகரமாகத் திரும்ப நிறுவினார். ஆகவே பவுல் பார்த்தது ரோம அதிகாரமும் ரோமப் பழக்கமும் மேலோங்கிய நகரம். அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரத்தில் வரும் அதிபதி கல்லியோனின் பெயர் டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டில் இருக்கிறது. அதை வைத்து பவுல் கொரிந்துவில் இருந்த காலம் கி.பி. 50-52ஐ ஒட்டியது என்று கணிக்கிறார்கள். சில வருஷம் கழித்து எபேசுவிலிருந்து இந்த நிருபத்தை எழுதினார்.

அந்த ஊரில் கோயில் என்பது வழிபடும் இடம் மட்டும் இல்லை, விருந்து நடக்கும் இடமும்கூட. நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிலேப்பியஸின் கோயிலை ஒட்டிய விருந்து அறைகளை அகழாய்வில் கண்டிருக்கிறார்கள். அக்ரோகொரிந்து மலைச்சரிவில் இருந்த, விளைச்சல் தெய்வமான தெமேத்தரின் கோயில் வளாகத்திலும் ஏராளமான விருந்து அறைகள் இருந்தன. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் ஊரில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளில் விருந்து அழைப்புகளே இருக்கின்றன: செராபிஸ் ஆண்டவரின் பந்தியில் சாப்பிட, நாளை இத்தனை மணிக்கு வாருங்கள் என்று. குடும்ப விசேஷம், தொழில் உறவு, ஊர் மரியாதை எல்லாம் அந்தப் பந்தியோடு பின்னிக் கிடந்தன. அழைப்பை மறுத்தால் உறவு முறியும். பலியிட்ட இறைச்சி இறைச்சிக் கடைக்கும் வந்தது.

இப்போது பவுல் சொல்வதைக் கேளுங்கள். ஒரே இறைச்சிக்கு மூன்று பதில்கள். கோயில் பந்தியில் உட்காராதே, கர்த்தருடைய பந்தியிலும் அந்தப் பந்தியிலும் சேர்ந்து பங்குபெற முடியாது (10:14-22). கடையில் விற்பதை, எங்கிருந்து வந்தது என்று விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு (10:25). அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்தால் போ, வைப்பதைச் சாப்பிடு. ஆனால் "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய மனச்சாட்சியினிமித்தம் சாப்பிடாதே (10:27-28).

இடம் மாறுகிறது, பொருள் மாறுகிறது, பதிலும் மாறுகிறது. மாறாமல் இருப்பவை இரண்டு: விக்கிரக வழிபாட்டில் பங்கில்லை, சகோதரன் இடற நான் காரணமாகக் கூடாது. வழக்கத்தையும் போதனையையும் பிரித்தறிய வேதத்துக்குள்ளேயே கிடைக்கும் சிறந்த பாடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து கொடுக்கும் பிரசாதத்தை என்ன செய்வது என்ற நம் கேள்விக்கும் இங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். ஒற்றை வரி "சாப்பிடலாம்" அல்லது "சாப்பிடக் கூடாது" என்பது பவுலின் வழி இல்லை. வழிபாட்டில் சேர அழைக்கிறார்களா, அன்பாகப் பலகாரம் கொடுக்கிறார்களா, கூட இருக்கும் புது விசுவாசி என்ன நினைப்பார் என்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: கேள்விப்பட்ட பின்னணியைச் சோதியுங்கள்

பின்னணி என்ற பெயரில் நம் பிரசங்கங்களில் நிறையக் கதை உலவுகிறது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்றார் இயேசு (மாற்கு 10:25). எருசலேமில் "ஊசியின் காது" என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முழங்காலிட்டு அதில் நுழையும் என்று கேட்டிருப்பீர்கள். இயேசுவின் காலத்தில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. அதைவிட முக்கியம், அந்தக் கதை வசனத்தையே கெடுக்கிறது. சீஷர்கள் திகைத்து, அப்படியானால் யார்தான் இரட்சிக்கப்படுவார் என்று கேட்கிறார்கள். மனுஷரால் கூடாது, தேவனால் கூடும் என்கிறார் இயேசு (மாற்கு 10:26-27). வாசல் கதையோ, கொஞ்சம் பணிந்தால் மனுஷராலும் கூடும் என்று ஆக்கிவிடுகிறது.

கொரிந்துவில் ஆயிரம் கோயில் தாசிகள் இருந்தார்கள், அவர்கள் தலையை மழித்திருந்தார்கள், அதனால்தான் பவுல் முக்காடு கேட்டார் என்பது இன்னொன்று. ஆயிரம் என்ற எண் ஸ்டிராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர் எழுதியது. அவர் சொல்வது ரோமர் அழிப்பதற்கு முந்தைய பழைய நகரத்தைப் பற்றி. மழித்த தலைதான் அவர்களின் அடையாளம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

ஒரு பின்னணித் தகவல் காதில் விழுந்தால் இதைக் கேளுங்கள்: இது எந்த ஆதாரத்திலிருந்து வருகிறது, அந்த ஆதாரம் அதே காலம், அதே ஊரைச் சேர்ந்ததா, இது இல்லாவிட்டால் வசனம் புரியாதா, இது வந்த பிறகு வசனத்தின் முனை மழுங்குகிறதா? கடினமான வசனத்தை வசதியாக மாற்றித் தரும் பின்னணியை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பாருங்கள்.

நல்ல பின்னணி வசனத்தைக் கூர்மையாக்கும். லவோதிக்கேயா சபையை "குளிருமல்ல, அனலுமல்ல" என்று ஆண்டவர் கடிந்துகொள்கிறார். அருகில் எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள், கொலோசெயில் குளிர்ந்த நீர். லவோதிக்கேயாவுக்குக் குழாய் வழியே வந்த நீரில் சுண்ணாம்பு படிந்த தடயத்தை இன்றும் பார்க்கலாம். வெந்நீர் உடம்புக்கு இதம், குளிர்ந்த நீர் தாகத்துக்கு இதம். இரண்டுக்கும் உதவாத நிலையைத்தான் கண்டிக்கிறார் என்று வாசிக்கும்போது, "அவிசுவாசியாகவாவது இரு" என்று இயேசு சொல்வதாக வலிந்து விளக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: வசனம் வழக்கத்தோடு போகிறதா, எதிர்க்கிறதா?

அன்றைய உலகத்தில் எல்லோரும் சொன்னதை வேதமும் சொல்லும் இடங்கள் உண்டு. அன்று யாரும் சொல்லாததைச் சொல்லும் இடங்களும் உண்டு. இரண்டாவது வகையில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தேவன் அந்த மக்களை எந்தப் பக்கம் நடத்துகிறார் என்பது அங்கே தெரியும்.

அடிமைமுறையைப் பாருங்கள். பழைய பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டப்படி, ஓடிவந்த அடிமையை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை. பிடித்துக் கொடுத்தால் வெகுமதி. உபாகமம் 23:15-16 இதைத் தலைகீழாக்குகிறது: தப்பி வந்தவனை எஜமானிடம் ஒப்புக்கொடுக்காதே, அவன் விரும்பும் ஊரில் குடியிருக்கட்டும், அவனை ஒடுக்காதே. மனிதனைத் திருடி விற்பது மரண தண்டனைக்குரிய குற்றம் (யாத்திராகமம் 21:16). மறுபுறம், அந்நியரை அடிமைகளாக வைத்திருக்க லேவியராகமம் 25:44-46 அனுமதிக்கிறது. இதை மறைக்கக் கூடாது. சட்டம் அன்றைய சமுதாயத்துக்குள் நின்றுகொண்டு பேசுகிறது, ஆனால் ஒரு திசையில் நகர்த்துகிறது.

புதிய ஏற்பாட்டிலும் அப்படியே. குடும்ப ஒழுங்கைப் பற்றி அரிஸ்டாட்டில் எழுதியபோது, குடும்பத்தலைவன் மனைவியையும் பிள்ளைகளையும் அடிமைகளையும் எப்படி ஆள வேண்டும் என்று எழுதினார். எபேசியர் 5, 6 அதிகாரங்களிலும் அதே மூன்று உறவுகள் வருகின்றன. ஆனால் பவுல் மனைவியிடமும் பிள்ளையிடமும் அடிமையிடமும் நேராகப் பேசுகிறார். எஜமானைப் பார்த்து, உனக்கும் பரலோகத்தில் எஜமான் உண்டு, அவரிடம் பட்சபாதமில்லை என்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போது ஒநேசிமுவை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று கேட்கிறார்.

இந்தத் திசையைப் பார்க்க மறுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வரலாறு சாட்சி. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான கதை அதில் இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை" என்ற கலாத்தியர் 3:28 இல்லை. அடிமைகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஆறாம் படி: காரணம் என்ன சொல்லியிருக்கிறது?

கட்டளையைவிடக் காரணம் நீண்ட காலம் நிற்கும். உபாகமம் 22:8, புது வீடு கட்டினால் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டு என்கிறது. ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்று காரணமும் சொல்கிறது. அந்த நாட்டு வீடுகள் மொட்டைமாடி வீடுகள், மாடியில் மக்கள் நடமாடினார்கள். பேதுரு ஜெபிக்க ஏறியதும் மாடிதான். காரணத்தைப் பிடித்துக்கொண்டால், ஓட்டு வீட்டுக்காரருக்கும் இந்த வசனம் பேசும்: திறந்து கிடக்கும் கிணறு, தரம் குறைந்த மின்கம்பி, பாதுகாப்புக் கயிறு இல்லாமல் சாரத்தில் ஏற்றிவிடும் கட்டடத் தொழிலாளி. நம் சொத்து இன்னொருவர் உயிருக்கு ஆபத்தாகக் கூடாது.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு சுலபமாக இருக்காது. "படைப்பைக் காரணம் காட்டினால் அது என்றைக்கும் மாறாத கட்டளை" என்று ஒரு விதி சொல்வார்கள். பயனுள்ள விதிதான், ஆனால் இயந்திரம் மாதிரி ஓட்டக் கூடாது. ஏழாம் நாள் ஓய்வுக்கு யாத்திராகமம் 20:11 படைப்பைத்தான் காரணமாகக் காட்டுகிறது. அதே கட்டளைக்கு உபாகமம் 5:15 எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகக் காட்டுகிறது. ஆனாலும் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிப்பதில்லை. ஒரு கட்டளைக்கு எத்தனை காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள், ஒன்றை மட்டும் பொறுக்காதீர்கள்.

ஏழாம் படி: வேதம் முழுவதும் தேடுங்கள்

ஒரே விஷயத்தைப் பற்றி வேறு காலத்தில், வேறு இடத்தில் வேதம் என்ன சொல்கிறது? ஏழைக்கு நீதி செய்வதும் விபசாரத்தை விலக்குவதும் மோசே முதல் வெளிப்படுத்தல் வரை ஒரே குரலாக ஒலிக்கின்றன. உணவுச் சட்டம் அப்படி இல்லை. லேவியராகமம் 11 தடுத்ததை மாற்கு 7:19ம் அப்போஸ்தலர் 10ம் திறந்துவிடுகின்றன. விக்கிரகத்துக்குப் படைத்ததை எருசலேம் கூட்டம் விலக்கச் சொல்கிறது (அப்போஸ்தலர் 15:29), பெர்கமுவையும் தியத்தீராவையும் வெளிப்படுத்தல் 2 அதற்காகக் கண்டிக்கிறது, நாம் பார்த்தபடி பவுல் இடத்துக்கு இடம் பிரித்துப் பேசுகிறார்.

பெண்களின் ஊழியம் பற்றிய கேள்விக்கும் இந்தப் படி தேவை. 1 கொரிந்தியர் 14:34 சபையில் பேசாமல் இருக்கச் சொல்கிறது. அதே நிருபம் 11:5இல் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. தெபொராள், உல்தாள், பெபேயாள், பிரிஸ்கில்லாள் எல்லோரையும் மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். எந்த முடிவுக்கு வந்தாலும் சரி, ஒரு வசனத்தை வைத்து மற்றதை வாயடைக்கக் கூடாது.

எட்டாம் படி: இன்று அதே காரியத்தைச் செய்வது எது?

முத்தம் அன்று குடும்பத்துக்குள் நடக்கும் வாழ்த்து. எஜமானும் அடிமையும் யூதனும் கிரேக்கனும் அப்படி வாழ்த்திக்கொண்டால், நாம் ஒரே குடும்பம் என்று அர்த்தம். நம் ஊரில் அதே செயல் வேறு அர்த்தம் தரும். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் தன் திருவிருந்து ஆராதனை முறையை வகுத்தபோது, ஒருவர் கையை மற்றவர் தன் கைகளில் ஏந்திச் சமாதானத்தைப் பகிரும் வழக்கத்தைச் சேர்த்துக்கொண்டது. கட்டளை அங்கே ரத்தாகவில்லை, நம் உடல்மொழியில் நிறைவேறுகிறது. ஆனால் கையைக் கொடுக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் யார் என்று பார்த்து ஒதுங்கினால், முத்தத்தையும் மீறினோம், கையையும் மீறினோம்.

ஒன்பதாம் படி: உங்கள் வழக்கத்தையும் விசாரியுங்கள்

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். "எங்கள் வழக்கம் அப்படி" என்று அவர் சொல்லியிருக்கலாம். பவுல் அதை வழக்கமாகப் பார்க்கவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்று எல்லோர் முன்னிலும் கடிந்துகொண்டார் (கலாத்தியர் 2:11-14).

தமிழ்ச் சபைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சாதி வேறுபாடு வெறும் சமுதாய ஒழுங்கு, விசுவாசத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை என்று இங்கே நெடுங்காலம் வாதாடினார்கள். ஆலயத்தில் தனித்தனியே உட்கார்ந்தார்கள், திருவிருந்துக் கிண்ணத்திலும் முதல், பின் என்று வரிசை பார்த்தார்கள். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் விட வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. "வழக்கம்" என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு காரியம் நடுநிலை ஆகிவிடாது. கர்த்தருடைய பந்தியில் வசதி உள்ளவன் வயிறார உண்டு, இல்லாதவன் பசியோடு நின்றதைப் பவுல் கொரிந்துவின் விருந்து வழக்கம் என்று விட்டுவிடவில்லை, தேவனுடைய சபையை அசட்டை செய்கிறீர்கள் என்றார் (1 கொரிந்தியர் 11:20-22). அன்றைய ரோம விருந்துகளில் அந்தஸ்துக்குத் தகுந்தபடி வேறு வேறு தரத்தில் உணவும் திராட்சரசமும் வைப்பது சகஜம்.

முழுதாக ஒரு பகுதி: 1 கொரிந்தியர் 11:2-16

இப்போது முக்காட்டுக்கு வருவோம். பகுதியை முழுசாக வாசித்தால் முதலில் தெரிவது, பவுல் ஆண்களுக்கும் கட்டளை கொடுக்கிறார் என்பது. ஆண் தலையை மூடி ஜெபித்தால் தன் தலையைக் கனவீனப்படுத்துகிறான். ஏன் இது? ரோம வழிபாட்டில் பலியிடும் ஆண் தன் மேலங்கியைத் தலைமேல் இழுத்து மூடிக்கொள்வான். அப்படித் தலை மூடிய அகுஸ்து ராயனின் சிலை கொரிந்துவிலேயே கிடைத்திருக்கிறது. பெண்கள் பக்கம், மணமான பெண் தலையை மூடுவது அடக்கத்தின் அடையாளமாக இருந்தது. ஆனால் தலை மூடாத பெண்களின் சிலைகளும் நிறைய உண்டு. எல்லோரும் எப்போதும் மூடினார்கள் என்று சொல்ல முடியாது.

காரணங்களை எழுதுவோம்: கனவீனம், படைப்பின் வரிசை, தூதர்கள், இயற்கை, சபைகளின் வழக்கம். ஐந்து. படைப்பு இருப்பதால் நிரந்தரம் என்பவர்களுக்கு ஒரு பலமான ஆதாரம் இருக்கிறது. அதை நான் ஒதுக்கவில்லை.

வேதம் முழுவதும் தேடினால்? ஆரோனும் அவர் குமாரரும் தலையில் பாகையும் குல்லாவும் அணிந்தே தேவசந்நிதியில் நிற்க வேண்டும் என்று யாத்திராகமம் 28 கட்டளையிடுகிறது. ஆண் தலை மூடுவது எக்காலத்திலும் கனவீனம் என்றால் இந்தக் கட்டளைக்கு இடமில்லை. ஆணுக்கு நீண்ட முடி கனவீனம் என்று 11:14 சொல்கிறது, தேவனுக்கென்று பொருத்தனை செய்த நசரேயனோ முடியை வளர்க்க வேண்டும் என்று எண்ணாகமம் 6:5 சொல்கிறது. பவுலே பொருத்தனையை முன்னிட்டுத் தலையைச் சவரம் செய்துகொண்டது கொரிந்துவின் துறைமுகமான கெங்கிரேயாவில்தான் (அப்போஸ்தலர் 18:18).

என் முடிவு இது. துணியும் முடியும் அந்த ஊரின் அடையாளங்கள். அவற்றின் வழியே பவுல் சொல்வது: ஆராதனையில் ஆணும் பெண்ணும் தங்கள் சுதந்தரத்தை ஒருவருக்கொருவர் கனவீனம் வராதபடி நடத்த வேண்டும். ஆணில்லாமல் பெண்ணும் பெண்ணில்லாமல் ஆணும் கர்த்தருக்குள் இல்லை (11:11-12). தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஜெபத்தில் முந்தானையைத் தலையில் போடுவது இன்னும் உயிருள்ள பயபக்தி. அங்கே அதை விடச் சொல்லும் அவசியம் இல்லை, விட்டால் இடறலும் ஆகும். அந்த அடையாளத்தை யாரும் வாசிக்காத நகரச் சபையில், புதிதாக வந்த ஒரு பெண்ணை முக்காடு இல்லை என்று வாசலில் நிறுத்துவது பவுல் போகாத தூரம் போவது. முக்காட்டைக் கண்டிப்பாகக் கேட்டுவிட்டு, அதே பெண் சபையில் வாய் திறந்து ஜெபிக்கக் கூடாது என்றால், அந்தப் பகுதி எதை இயல்பாக எடுத்துக்கொண்டதோ அதையே மறுத்துவிட்டோம். வேறு முடிவுக்கு வருகிற சகோதரரோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் அவரும் ஆரோனின் பாகைக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வகுப்பில் அடுத்ததாக 1 தீமோத்தேயு 2:8-15ஐ எடுங்கள். ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: ஆண்கள் கையை உயர்த்தி ஜெபிப்பது, பெண்கள் முடியைப் பின்னுவது, பொன்னும் முத்தும் அணிவது, அமைதலோடு கற்றுக்கொள்வது, ஆதாம் ஏவாளைப் பற்றிய காரணம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்கள் சபை இன்று என்ன செய்கிறது என்று குறியுங்கள். நகையைக் கழற்றச் சொல்லும் சபைகளும் உண்டு, நகையோடு பாடகர் குழுவில் நிறுத்தும் சபைகளும் உண்டு, ஆகவே பதில்கள் கலவையாகத்தான் வரும். பிறகு மூன்றாம் படியிலிருந்து தொடங்கி, தீமோத்தேயு இருந்த எபேசுவுக்குள் போய், ஒவ்வொரு வரியையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளலாம்.